இந்த வயசுக்குப் பரவாயில்லை

"சனி, ஞாயிறு ஆனா எங்கடா காணாமப் போற?" என்று எங்கள் லேபில் என்னைக் கேட்காத ஆளே கிடையாது. திங்கட்கிழமை வரும்போது கழுத்தில் வெயிலில் கருத்த கோடு, தோள்பட்டையில் வார் அழுத்திய தழும்பு, குரல் போய் கரகரப்பு. சர்ச்சில் சேர்ந்துவிட்டான் என்று ஒருத்தன் சொன்னான். ரகசியமாக பார்ட் டைம் வேலை பார்க்கிறான் என்று இன்னொருத்தன். (அப்படிப் பார்த்தால் விசா போய்விடும் சாமி, வதந்தியைப் பரப்பாதீர்கள் :-) ) எல்லாருக்கும் சேர்த்து ஒரே தடவையாகச் சொல்லிவிடுகிறேன். நான் டிரம் கோரில் பாஸ் டிரம் அடிக்கிறேன்.

முதலில் பெயரைச் சரி பண்ணிவிடுவோம். ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் 'ப்ஸ்' வரும், சொல்லும்போது வராது. 'கோர்' என்றுதான் சொல்ல வேண்டும். முதல் வாரம் நான் இது தெரியாமல் முழுசாக உச்சரித்து, "நான் ஒரு பிணத்தில் சேர்ந்திருக்கிறேன்" என்று என் கைடிடம் சொல்லிவிட்டேன். அவர் ரொம்ப மரியாதையாகத் தலையாட்டினார்.

டிரம் கோர் என்றால் என்ன? ஒரு கால்பந்து மைதானம். அதில் நூறு பேருக்கு மேல். பித்தளை ஊதுகருவிகள், டிரம்கள், கொடியும் மரத்துப்பாக்கியும் சுழற்றும் கலர் கார்டு. கிளாரினெட், சாக்ஸபோன் மாதிரி மரக்காற்றுக் கருவிகளுக்கு இடமில்லை. பத்துப் பன்னிரண்டு நிமிஷ நிகழ்ச்சி. அந்த நேரம் முழுக்க வாசித்துக்கொண்டே நடக்க வேண்டும், ஓட வேண்டும், பின்னால் போக வேண்டும். மேலே இருந்து பார்த்தால் வட்டம் சதுரமாகும், சதுரம் அலையாகும். நடுவர்கள் நூற்றுக்கு மார்க் போடுவார்கள், தசமப் புள்ளியோடு. நூறில் ஒரு பங்கில் ஜெயித்தவர்களும் உண்டு, தோற்று அழுதவர்களும் உண்டு.

இதில் இரண்டு உலகம் இருக்கிறது. ஒன்று, இளைஞர்களுடையது. 1970-களின் தொடக்கத்தில் தொடங்கிய டிரம் கோர் இன்டர்நேஷனல், சுருக்கமாக டி.சி.ஐ. 22 வயதைத் தாண்டினால் அங்கே இடமில்லை. கோடை முழுக்க பஸ்ஸில் ஊர் ஊராகப் போவார்கள், ஸ்கூல் ஜிம் தரையில் படுத்துத் தூங்குவார்கள். யூடியூபில் நீங்கள் பார்த்திருக்கக்கூடியது இவர்களைத்தான். இன்னொன்று சீனியர் கோர். இதற்கு மேல்வரம்பு வயது கிடையாது. வாரநாள் முழுக்க வேலை, வாரக்கடைசியில் ஒத்திகை. சம்பளம் இல்லை. இல்லாதது மட்டுமில்லை, உறுப்பினர் கட்டணம் நாம்தான் கட்டணும். நான் இருப்பது இந்த இரண்டாவது உலகத்தில்.

என்னை இதில் இழுத்துவிட்டது என் வீட்டு ஓனர்.

2021 ஆகஸ்டில் பென்சில்வேனியா மாநிலம் பெத்லஹேமுக்கு வந்து இறங்கினேன். ஒரு காலத்தில் உலகப் புகழ்பெற்ற இரும்பு ஊர். இப்போது ஊதுலைகள் மட்டும் துருப்பிடித்து வரிசையாக நிற்கின்றன, அதன் அடிவாரத்தில் கச்சேரி நடக்கிறது. 1995-ல் இங்கே இரும்பு உருக்குவதை நிறுத்தினார்கள். அதில் வேலை போனவர்களில் ஒருவர் என் ஓனர். அப்புறம் பல வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டி, ஓய்வு பெற்று, மாடி அறையை மாணவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். நான் வந்தபோது அவருக்கு 66 வயது. மனைவி இல்லை, மகள் வேறு மாநிலத்தில்.

நான் அவரைத் 'தாத்தா' என்று கூப்பிட ஆரம்பித்தேன். பேர் சொல்லிக் கூப்பிட நாக்கு வரவில்லை, மிஸ்டர் போட்டால் அவருக்குப் பிடிக்கவில்லை. அர்த்தம் கேட்டார். சொன்னேன். "நான் தாத்தா இல்ல, பாரிடோன்" என்றார். எனக்கு அப்போது புரியவில்லை.

பேஸ்மென்டில் துணி துவைக்கப் போன ஒரு நாள்தான் புரிந்தது. வாஷிங் மிஷினுக்கு மேலே சுவரில் ஒரு பழைய பித்தளை ஊதி தொங்கிக்கொண்டிருந்தது. டிரம்பெட்டை ஊதிப் பெரிசாக்கின மாதிரி இருந்தது, ஆனால் வால்வு குறைவாக இருந்தது. ஒரு பிஸ்டன், ஒரு சுழல் வால்வு, அவ்வளவுதான். அது ஜி சுருதி பியூகிள். போர்க்களத்தில் ஊதிய பியூகிளின் வாரிசு. முதல் உலகப் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்கள் அமெரிக்கன் லீஜன், வி.எஃப்.டபிள்யூ மாதிரியான சங்கங்களில் சேர்ந்து, டிரம்மும் பியூகிளும் வைத்து ஊர்வலம் போனதில் இருந்து தொடங்கிய பழக்கம் இது. வால்வே இல்லாத பியூகிளுக்கு ஒரு வால்வு வந்து, அப்புறம் இரண்டு, அப்புறம் மூன்று. 2000-ல் டி.சி.ஐ. எந்த சுருதிக் கருவியும் கொண்டுவரலாம் என்று சொல்ல, சில வருஷத்தில் சீனியர் பக்கமும் அதே வழிக்கு வந்தது. இப்போது எல்லாரும் மூன்று வால்வுக் கருவிதான். தாத்தா மட்டும் சுவரில் இருப்பதை வாரம் ஒருமுறை எடுத்து எண்ணெய் போட்டு வைப்பார்.

"உனக்கு என்ன வாசிக்கத் தெரியும், கிட்?"

"ஸ்கூல்ல பேண்ட் செட்டுல சைடு டிரம் அடிச்சிருக்கேன்." திருநெல்வேலிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம், குடியரசு தினத்துக்கும் ஸ்போர்ட்ஸ் டேக்கும் மட்டும் உறையில் இருந்து எடுக்கப்படும் டிரம். இதை நான் விளக்கமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விட்டிருப்பார்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டினார். பிக்கப்பில் ஏற்றினார். ஒன்றரை மணி நேரம் ஓட்டி ஒரு ஸ்கூல் ஜிம்முக்குக் கூட்டிப் போனார். உள்ளே ஒரு லாரி டிரைவர், இரண்டு நர்ஸ், ஏழெட்டு ஸ்கூல் டீச்சர், ஒரு பிளம்பர், அப்பாவும் மகளும் ஒரே வரிசையில், 19 வயசுப் பையன் பக்கத்தில் 60 வயசு அம்மா. பாஸ் டிரம்மில் ஆள் குறைகிறது என்றார்கள். பாஸ் டிரம் என்றால் ஐந்து பேர், ஐந்து அளவு, ஐந்து சுருதி. ஒரு மெட்டை ஐந்தாகப் பிய்த்து ஆளுக்கு ஒரு துண்டு கொடுப்பார்கள். உன் துண்டு ஒரு இமைப்பொழுது தள்ளிப் போனால் மற்ற நான்கு பேருடையதும் நாசம். தனியாக அடித்தால் அது இசையே இல்லை, டொம் டொம். ஐந்து பேரும் சரியாக அடித்தால் ஒரே ஆள் பத்துக் கை வைத்து அடிப்பது மாதிரி இருக்கும். எனக்கு நடு டிரம் கொடுத்தார்கள்.

அடுத்த ஆறு மாதம் நான் கற்றுக்கொண்டது பெரும்பாலும் நடக்க. சிரிக்காதீர்கள். ஐந்து யார்டுக்கு எட்டு ஸ்டெப், ஒரு ஸ்டெப்புக்கு 22.5 அங்குலம். வெறும் காலால் அந்த அளவைத் தூக்கத்திலும் எடுத்து வைக்கத் தெரியணும். நிகழ்ச்சியின் ஒவ்வொரு கட்டத்திலும் நான் எந்தக் கோட்டில் இருந்து எத்தனை ஸ்டெப் தள்ளி நிற்கணும் என்று ஒரு குட்டி நோட்டில் எழுதி இடுப்பில் கட்டிக்கொள்ளணும். அதற்குப் பெயர் டாட் புக். ஸ்பீக்கரில் மெட்ரோனோம் டக் டக் என்று நாள் முழுக்க மண்டையில் அடிக்கும். சொல்லிக்கொடுப்பவர் "இன்னும் ஒரே ஒரு தடவை" என்பார். டிரம் கோர் உலகத்தின் மிகப் பெரிய பொய் அதுதான். குறைந்தது பதினைந்து தடவை.

இதெல்லாம் எதற்கு? லேபர் டே வாரக்கடைசிக்கு. சீனியர் கோர்களின் சங்கம் டிரம் கோர் அசோசியேட்ஸ், டி.சி.ஏ., 1963-ல் தொடங்கியது. 1965-ல் முதல் சாம்பியன்ஷிப், ஜெயித்தது எங்கள் மாநிலத்தின் ரீடிங் பக்கனீர்ஸ். அதில் இருந்து செப்டம்பர் முதல் திங்களை ஒட்டி வரும் அந்த வாரக்கடைசிதான் இந்த ஆட்களுக்குத் தீபாவளி. ராச்சஸ்டர், ஸ்கிரான்டன், வில்லியம்ஸ்போர்ட் என்று பல ஊர்களில் நடந்திருக்கிறது. போட்டி ராத்திரிதான். ஆனால் பகல் முழுக்க பார்க்கிங் லாட்டில்தான் கூட்டம். வாசித்துப் பழகும் டிரம் வரிசைகளைச் சுற்றி வட்டமாக நின்று கேட்பார்கள். 1946-ல் போரில் இருந்து திரும்பியவர்கள் தொடங்கிய ஹாத்தோர்ன் கபாலெரோஸ் சட்டை போட்ட கிழவர் ஒருவர், ரீடிங் சட்டை போட்ட கிழவரிடம் ஐம்பது வருஷத்துக்கு முந்தைய தோல்விக்கு இன்னும் நியாயம் கேட்டுக்கொண்டிருப்பார். கேட்டு முடித்து இருவரும் சேர்ந்து போய் சாண்ட்விச் சாப்பிடுவார்கள்.

2022-ல் முதல் சீசன் முடிந்தபோது எனக்கு ஒரு கேள்வி இருந்தது. இவ்வளவு பாசமான கூட்டம். ஒருத்தர் வீட்டில் சாவு என்றால் நூறு பேர் வருகிறார்கள். வேலை போனால் வேலை தேடித் தருகிறார்கள். அப்புறம் எதற்கு இந்தப் போட்டி? எதற்கு மார்க்? சும்மா சந்தோஷமாக வாசித்துவிட்டுப் போனால் என்ன? போட்டியில்லாமல் வாசிக்கிற பழைய உறுப்பினர் கோர்களும் இருக்கின்றனவே.

தாத்தாவிடம் கேட்டேன். "மார்க் இல்லேன்னா மழைல ஞாயித்துக்கிழமை காலைல எட்டு மணிக்கு எவன் வருவான்?" என்றார். சரியான பதில்தான். ஆனால் அது முழுப் பதில் இல்லை. மீதியை நான் 2023-ல் தெரிந்துகொண்டேன், கொஞ்சம் அசிங்கப்பட்டு.

அந்த வருஷம் தாத்தாவுக்கு 68. 1977-ல் சேர்ந்தவர், இடையில் சில வருஷம் விட்டிருந்தாலும் முப்பது சீசனுக்கு மேல். எங்கள் நிகழ்ச்சியின் மூன்றாவது பகுதியில் ஒரு இடம் இருந்தது. பாரிடோன் வரிசை வாசித்துக்கொண்டே குறுக்காகப் பின்னால் போகணும். 16 எண்ணிக்கை. நிமிஷத்துக்கு 168 தட்டு வேகம், அதாவது ஆறு செகண்டுக்கும் குறைவு. ஒவ்வொரு ஸ்டெப்பும் 30 அங்குலம். மொத்தம் நாற்பது அடி தூரம், பின்பக்கமாக, குதிகால் தரையில் படாமல், முகம் கூட்டத்தைப் பார்த்து, மூச்சு வாங்காமல் ஊதியபடி. தாத்தாவுக்கு இடது முழங்கால் சரியில்லை. ஒவ்வொரு தடவையும் அவர் அரை எண்ணிக்கை தாமதமாக வந்து சேர்ந்தார். வரிசையில் ஒரு பல் உடைந்த மாதிரி தெரியும். எங்கள் பாஸ் வரிசை அவர்களுக்கு நேர் பின்னால். எனக்கு நன்றாகவே தெரிந்தது.

ஜூனில் ஒரு ஒத்திகை முடிந்து வரும்போது வண்டியில் கேட்டார். "மூணாவது பகுதியில, நாங்க பின்னால வர்ற இடம். உனக்கு அங்க ஏதாவது தெரிஞ்சுதா?"

"இல்லையே. நல்லா இருந்ததே."

இதைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. நம்மை வளர்த்தவிதம் அப்படி. பெரியவங்க மனசு நோகக்கூடாது. பாட்டி போடும் காப்பியில் சர்க்கரைக்குப் பதில் உப்பு இருந்தாலும் "நல்லா இருக்கு பாட்டி" என்று குடிக்கிற வம்சம். நான் நல்லது செய்ததாகத்தான் நினைத்தேன். அப்புறமும் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் அதே பதில்.

ஜூலை முதல் போட்டி. நடுவர்கள் பார்த்துக்கொண்டே ரெக்கார்டரில் பேசுவார்கள், அது ஆடியோ ஃபைலாக கோருக்கு வரும். முன்பு கேசட்டில் வருமாம். மறுநாள் ஒத்திகையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் புல்லில் உட்கார, ஸ்பீக்கரில் போட்டார்கள். நடைக்கான நடுவர். நன்றாக இருக்கிறது, இந்த வடிவம் தெளிவாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தவர் மூன்றாவது பகுதியில், "பாரிடோன், இரண்டாம் பக்கம், ஒருத்தர் லேட்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அதே ஆள், மறுபடியும்."

யாரும் தாத்தாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாரும் பார்க்காமல் இருந்ததே பார்த்த மாதிரி இருந்தது.

வண்டியில் ரூட் 22-ல் ஏறும் வரைக்கும் பேசவில்லை. அப்புறம் கேட்டார்.

"நீ பார்த்தியா?"

"..."

"கிட், உன்னத்தான் கேக்கறேன்."

"பார்த்தேன்."

"எப்பல இருந்து?"

"மே மாசத்துல இருந்து."

"அப்ப ஏன் சொல்லல?"

என்னிடம் பதில் இல்லை. உங்க மனசு கஷ்டப்படும்னு, என்று இழுத்தேன். அதற்கு அவர் கத்தியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகத்தான் சொன்னார். எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

"டாக்டர்கிட்ட போனா 'இந்த வயசுக்குப் பரவாயில்லை'ங்கறார். சர்ச்சுல 'இந்த வயசுலயும் எப்படி இருக்கீங்க பாருங்க'ங்கறாங்க. சூப்பர் மார்க்கெட்ல பை தூக்கறதுக்கு ஒரு பொண்ணு ஓடி வருது. என் மகள் போன் பண்ணா பாதி நேரம் நான் விழுந்துட்டேனான்னுதான் கேக்கறா. எல்லாரும் நல்லவங்க. ஆனா நான் இங்க எதுக்கு வர்றேன் தெரியுமா? அந்த மார்க் பேப்பர்ல வயசுன்னு ஒரு கட்டம் கிடையாது. 19 வயசுப் பயலுக்கு என்னவோ அதுதான் எனக்கும். உலகத்துலயே என்னை அப்படிப் பாக்கற ஒரே இடம் இதுதான். அங்கயும் வந்து நீ என்னைத் தாத்தாவாக்கிட்ட."

அன்றைக்கு ராத்திரி நான் நடுவர்களின் மார்க் பேப்பர் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். நிஜம்தான். மொத்தம் இரண்டே விஷயம். என்ன செய்கிறார்கள், அதை எவ்வளவு நன்றாகச் செய்கிறார்கள். வேறு கட்டம் இல்லை. தாத்தா சேர்ந்த காலத்தில் இன்னும் கொடுமையாம். நடுவர் கையில் அட்டையோடு வரிசைக்குள்ளேயே நடந்து வருவாராம், தப்புக்குத் தப்பு ஒரு கோடு, கோட்டுக்குப் பத்தில் ஒரு பங்கு மார்க் போச்சு. டி.சி.ஐ. 1984-ல் அந்த முறையைக் கைவிட்டது, சீனியர் பக்கமும் அந்த எண்பதுகளோடு அது முடிந்தது. "அந்தக் கோடு போடறவனை எல்லாருக்கும் பிடிக்காது. ஆனா அவன் உன்னைப் பார்த்தான்" என்று தாத்தா முன்பு ஒருமுறை சொன்னது அப்போதுதான் உறைத்தது.

அடுத்த சனிக்கிழமை அவர் நேராகத் தன் செக்‌ஷன் லீடரிடம் போனார். அவளுக்கு 24 வயது, ஸ்கூலில் மியூசிக் டீச்சர். தாத்தா இந்த கோரில் சேர்ந்தபோது அவள் அம்மாவே சின்னப் பெண்ணாக இருந்திருப்பாள். நான் டிரம்மை மாட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். "என்னால அது முடியுமா, முடியாதா? உண்மையைச் சொல்லு" என்றார். அவள் யோசித்தாள். "தெரியல. ரெண்டு வாரம் பார்ப்போம்" என்றாள்.

இரண்டு வாரக்கடைசி. மற்றவர்கள் தண்ணீர் குடிக்கப் போகும் இடைவேளையில் எல்லாம் அவளும் தாத்தாவும் அந்த 16 எண்ணிக்கையைச் செய்துகொண்டிருந்தார்கள். அவள் போனில் வீடியோ எடுப்பாள், காட்டுவாள், "மூணாவது எண்ணிக்கையில பின்னால சாயறீங்க" என்பாள். திட்டுவாள்கூட. அவர் சந்தோஷமாகத் திட்டு வாங்கினார். கொஞ்சம் முன்னேறியது. ஆனால் ஒருமுறை சரியாக வந்தால் மூன்று முறை வரவில்லை.

இரண்டாவது ஞாயிறு சாயங்காலம் அவள் அவரை மைதானத்து ஓரத்துக்குக் கூட்டிப் போனாள். "வரல. டிசைனர்கிட்ட சொல்லி உங்க பாதையை மாத்தலாம். நீங்க அந்த இடத்துல நின்னே வாசிக்கலாம். யாருக்கும் தெரியாது" என்றாளாம். தாத்தா கேட்டாராம்: "மாத்தினா நிகழ்ச்சி நல்லா இருக்குமா, இல்ல எனக்காக மாத்தறதா?" அவள் பொய் சொல்லவில்லை. "உங்களுக்காகத்தான்."

வண்டியில் இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த துக்கம் இல்லை. இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். பெத்லஹேம் வந்து, வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அப்புறம், "நல்ல பொண்ணு. நேரா சொன்னா" என்றார். அவ்வளவுதான்.

மாற்று ஆளாக ஒரு 20 வயசுப் பையன் இருந்தான். நடுவில் ஒரு ஆள் போனால் வடிவத்தில் ஓட்டை விழும், யாராவது நிரப்பணும். தாத்தா தன் டாட் புக்கை அவனிடம் கொடுத்தார். நான் பார்த்திருக்கிறேன் அந்த நோட்டை. ஒவ்வொரு இடமும் பென்சிலில் எழுதி, மாறும்போது அழித்து மறுபடி எழுதி, 'இங்கே மூச்சு எடு', 'இங்கே வலதுபக்க ஆள் பெரிய ஸ்டெப் வைப்பாள், ஏமாறாதே' என்றெல்லாம் ஓரத்தில் குறிப்பு. மூன்று வாரம் அந்தப் பையன் பின்னாலேயே நின்று சொல்லிக்கொடுத்தார். அவன் தப்புப் பண்ணினால் விடவில்லை.

அப்புறம் கருவிகள் ஏற்றும் லாரியை ஓட்ட ஆரம்பித்தார். ஸ்கூல் பஸ் ஓட்டியவர் ஆயிற்றே, பெரிய வண்டி லைசென்ஸ் இருந்தது. சீனியர் கோரில் இதுவும் ஒரு வழக்கம். களத்தை விட்டு வந்தவர்கள் வீட்டுக்குப் போவதில்லை. சமையல், தொப்பி இறகு சரி பார்ப்பது, தண்ணீர் கேன் தூக்குவது, லாரி. யாரும் விழா எடுத்து வழியனுப்புவதில்லை, ஏனென்றால் யாரும் எங்கேயும் போவதில்லை.

செப்டம்பர் 2023, லேபர் டே வாரக்கடைசி. இறுதிப் போட்டி. எங்கள் முறை வந்தது. முன்பக்கம் நிற்கும் மரிம்பா, வைப்ரஃபோன் எல்லாம் சக்கரம் வைத்த பெரிய சட்டங்களில் இருக்கும், அதை மைதானத்துக்குள் தள்ளிக்கொண்டு வர ஆள் வேண்டும். தள்ளுகிறவர்கள் எல்லாம் கோர் சட்டை போட்ட பெரியவர்கள். முதல் மரிம்பாவைத் தள்ளிக்கொண்டு கேட்டைத் தாண்டி உள்ளே வந்தது தாத்தா. எப்போதும் வருகிற அதே கேட், அதே விளக்கு. ஓரக் கோட்டில் போய் நின்றார்.

மூன்றாவது பகுதி. அந்தப் பையன் 16 எண்ணிக்கையும் போய்ச் சரியாக நின்றான். வரிசை நூல் பிடித்த மாதிரி இருந்தது. அதைப் பார்த்த சந்தோஷத்தில் நான் என்ன பண்ணினேன் என்பது எனக்கே தெரியாது.

மார்க் வந்தது. ஆகஸ்ட் கடைசிப் போட்டியைவிடக் கொஞ்சம் மேலே. நாங்கள் ஜெயிக்கவில்லை. எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், சிலர் அழுதார்கள். லாரிக்குப் பின்னால் டிரம்மை உறையில் போட்டுக்கொண்டிருந்தபோது தாத்தா வந்தார். நான் கேட்டேன், "எப்படி இருந்தது?"

"பாரிடோன் பிரமாதம்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "மூணாவது பகுதியில, அவங்க போய் நின்னதுக்கு அப்புறம், பாஸ் டிரம் ஓட்டம். உன் துண்டு லேட்."

"தெரியும்" என்றேன்.

"தெரிஞ்சா சரி." முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு லாரிக் கதவை மூடப் போய்விட்டார். மூன்று மாதமாக எங்களுக்குள் இருந்த ஏதோ ஒன்று அதோடு சரியாகிவிட்டது.

அதுதான் டி.சி.ஏ. தானாக நடத்திய கடைசி சாம்பியன்ஷிப் என்று அன்றைக்கு எங்களில் பலருக்குத் தெரியாது. 2024 சீசனில் இருந்து சீனியர் கோர்கள் டி.சி.ஐ.யின் கீழ் 'ஆல் ஏஜ்' என்ற பிரிவாகப் போட்டி போடுகின்றன. அறுபது வருஷ சங்கம், லேபர் டே தீபாவளி, எல்லாம் முடிந்தது. பார்க்கிங் லாட் பெரியவர்கள் நிறையப் புலம்பினார்கள். தாத்தாவும் ஒரு வாரம் புலம்பினார். அப்புறம், "இப்ப ஜூனியர் பசங்களுக்கு மார்க் போடற அதே சங்கம் நமக்கும் மார்க் போடப் போவுது. நல்லதுதான்" என்றார். அவருக்கு அதில் என்ன நல்லது என்று உங்களுக்கு இப்போது புரியும் என்று நினைக்கிறேன்.

எனக்கு பி.எச்டி. முடியப் போகிறது. வேலை எந்த ஊரில் கிடைக்குமோ தெரியாது. கிளாஸில் யாராவது என் பிரசன்டேஷன் எப்படி என்று கேட்டால், இப்போதெல்லாம் உண்மையைச் சொல்ல முயற்சி பண்ணுகிறேன். நண்பர்கள் எண்ணிக்கை கொஞ்சம் குறைந்திருக்கிறது :-) ஆனால் கேட்கிறவர்கள் திரும்பவும் வந்து கேட்கிறார்கள்.

போன மாதம் ஊருக்குப் போன் பேசும்போது பாட்டி, "நான் போன தடவை அனுப்பின ஊறுகாய் எப்படிடா இருந்தது?" என்றாள். வாய் வரைக்கும் "நல்லா இருந்தது பாட்டி" வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "உப்பு கொஞ்சம் ஜாஸ்தி" என்றேன். கொஞ்ச நேரம் லைனில் சத்தமே இல்லை. அப்புறம், "எனக்கும் அப்படித்தான் பட்டுது. ஆனா இங்க ஒருத்தரும் சொல்லல. அடுத்த தடவை குறைச்சுப் போடறேன்" என்றாள்.

குரலில் சந்தோஷம் இருந்தது.